அடிவிலை

கடை ஷட்டரை முழங்கால் உயரத்துக்குத் தூக்கி, குனிந்து உள்ளே நுழைந்து, விளக்கைக்கூடப் போடாமல் முதல் வேலையாகப் பாட்டில்களின் முகத்தைத் திருப்புவாள். எடுத்துப் பார்த்து, விலையைக் கண்டு மனசு மாறி, கோணலும் மாணலுமாக யாரோ வைத்துவிட்டுப் போனவை அவை. "யாரைப் பார்த்து மூஞ்சியத் திருப்பிக்கிற? நேரா நில்லு" என்று ஒன்றை அதட்டுவாள். இன்னொன்றின் கழுத்தைத் துடைத்து, "குளிக்காமயே நிக்கிறியேடா" என்பாள்.

மேல் தட்டில் மரப்பெட்டிக்குள் வெல்வெட் மெத்தையில் சாய்ந்திருக்கும் பாட்டிலுக்கு அவள் வைத்த பெயர் மாப்பிள்ளை. "வருஷக்கணக்கா ஜம்முனு உக்காந்திருக்கார். கட்டிக்கத்தான் ஒருத்தியும் வரல." நடுத்தட்டில் இருப்பவர்கள் ஆபீசர்கள். தரையை ஒட்டிய அடித்தட்டில், கைப்பிடி வைத்த பெரிய பிளாஸ்டிக் பாட்டிலில் புளிக்க வைத்த ஆப்பிள் மது. கடையிலேயே மலிவு, கடையிலேயே அதிகம் போவது. அவன் பெயர் தடியன்.

கல்லாவில் உட்காருகிறவள் என்பதால் ஊருக்கு அவள் கல்லா அக்கா. சொல்லிச் சொல்லித் தேய்ந்து கல்லாக்கா ஆகிவிட்டது. சில்லறை குறைந்து கெஞ்சிப் பார்த்துத் தோற்றவர்கள், "உன் மனசு என்ன கல்லா, அக்கா?" என்று பிரித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். அதற்கும் பதில் இருக்கும். "கல்லாப்பெட்டி. அதனாலதான் பூட்டி வெச்சிருக்கேன்."

இத்தனை வருஷம் மதுக்கடையில் இருந்தும் மது, சரக்கு, குடி என்று எந்த வார்த்தையும் அவள் வாயில் வராது. எல்லாமே சாமான்தான். வாங்க வருகிறவர்களின் முகத்தையும் அவள் பார்ப்பதில்லை, கையைத்தான் பார்ப்பாள். "மூஞ்சி பொய் சொல்லும். கைக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது." காசை மேஜையில் வீசுகிற கை, பாட்டிலைச் சட்டென்று பைக்குள் மறைக்கிற கை, பக்கத்தில் நிற்கும் குழந்தையின் விரலைப் பிடித்தபடியே இன்னொரு பக்கம் நீளுகிற கை. பிடிக்காத கை நீண்டால் பில் போடும் மிஷினை இரண்டு தட்டுத் தட்டி, "மிஷின் நிக்குதுங்க, அப்புறம் வாங்க" என்பாள். அடுத்து நிற்பவருக்கு மிஷின் ஓடும். எல்லோருக்கும் தெரிந்த பொய்தான். "இன்னிக்கு யாருக்கு மிஷின் நின்னுச்சு?" என்று வாடிக்கையாளர்களே விசாரிப்பார்கள்.

அவளுடைய அண்ணன் வெல்டர். தலையில் ஒரு நரை விழுவதற்கு முன்பே ஈரல் அழுகிச் செத்துப் போனான். அண்ணி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனவள், அதற்குப் பிறகு இந்தக் குடும்பத்தில் யாரோடும் பேசவில்லை. இது நடந்து ஒரு வருஷம் ஆவதற்குள் கல்லாக்கா இந்த வேலையில் சேர்ந்தாள். சித்தி மாடிப்படியில் வழி மறித்து, நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள்: "அண்ணனை எது தின்னுச்சோ அதையே விக்கப் போறியே, உனக்குக் கூசல?"

"நான் போகலன்னா வேற ஒருத்தி போவா, சித்தி. அவ காசை மட்டும் பார்த்துக் குடுப்பா. நான் ஆளைப் பார்த்துக் குடுப்பேன்."

அன்றைக்கு வாய்க்கு வந்ததைத்தான் சொன்னாள். நாளாக ஆக அது அவளுடைய கொள்கையாகிவிட்டது. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் தினமும் கடைக்கு வந்தாள்.

தடியனை வாங்க வருகிறவர்களில் முதல் ஆள் லிஃப்ட் அண்ணன். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை. ஒரே மகள் வேறு ஊரில். பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் கீழ்த்தளத்தில் ஒற்றை அறை. ஷட்டர் முழுதாக ஏறுவதற்குள் வாசலில் நிற்பார். சவரம் செய்த முகம், இஸ்திரி போட்ட சட்டை. "எப்படி இருக்கீங்க அண்ணே?" என்றால், "மேல போறேன், கீழ வரேன். நடுவுல மாட்டிக்காம இருக்கேன், அது போதும்" என்பார். தள்ளாடி அவரை யாரும் பார்த்ததில்லை. குரல் உயர்ந்ததும் இல்லை. தடியனைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் இடுக்கிக்கொண்டு போவார்.

ஒருநாள் கல்லாக்கா கேட்டேவிட்டாள். "தினமும் காலங்காத்தாலேயே இது எதுக்கு அண்ணே?"

"போதைக்குன்னு நினைச்சியா? போதையெல்லாம் போயி எத்தனையோ காலம் ஆச்சும்மா. இது கிரீஸ் மாதிரி. போட்டா ஓடும். போடலன்னா கீச்சு கீச்சுன்னு சத்தம் வரும், அப்புறம் நின்னுடும்."

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அவரும் கூடச் சிரித்தார்.

அந்தச் சமயத்தில்தான் அடிவிலைப் பேச்சு வந்தது. ஒரு பாட்டிலில் போதை தரும் சத்து எவ்வளவு இருக்கிறதோ அதைக் கணக்கிட்டு, இந்த விலைக்குக் கீழே எந்தக் கடையும் விற்கக்கூடாது என்று சட்டம் கொண்டுவர இருந்தார்கள். நூலகக் கூடத்தில் கூட்டம் போட்டு ஊர்க்காரர்களின் கருத்தைக் கேட்டார்கள். ஆஸ்பத்திரி டாக்டரம்மா ஒருவர் படம் போட்டு விளக்கினார். அப்புறம், மதுக்கடையில் வேலை செய்கிறவர் யாராவது பேசலாமே என்றார். கல்லாக்கா எழுந்து நின்றாள். மேடை என்று ஏறியதே இல்லை. ஆனாலும் குரல் கணீரென்று வந்தது.

"ஏத்துங்க. சாமானைத் தண்ணிய விட மலிவா அடித்தட்டுல வெச்சிருக்கோம். வேணும்னு வந்து வாங்குறவங்க பாதி, மலிவா கிடைக்குதேன்னு வாங்குறவங்க பாதி. அந்த ரெண்டாவது பாதியையாவது காப்பாத்துங்க."

கை தட்டினார்கள். பின்வரிசையிலிருந்து லிஃப்ட் அண்ணன் கையைத் தூக்கினார்.

"எனக்கு ஒரு சந்தேகம். மேல் தட்டுல இருக்கே அந்தப் பெட்டி போட்ட பாட்டில், அதுக்கு விலை ஏறுமா?"

"அது ஏற்கெனவே அடிவிலைக்கு மேலதானே இருக்கு. அதனால ஏறாது" என்றார் டாக்டரம்மா.

"அப்போ என் பாட்டிலுக்கு மட்டும்தான் ஏறும். குடிக்கிறது தப்பில்ல, மலிவா குடிக்கிறதுதான் தப்பு. அப்படித்தானே?" கூடம் சிரித்தது. அவர் உட்காரவில்லை. "இன்னொண்ணு. ஏறுற காசு யாருக்குப் போகும்? ஆஸ்பத்திரிக்கா?"

இல்லை, விற்கிற கடைக்குத்தான் என்று டாக்டரம்மா தயங்கித் தயங்கி ஒப்புக்கொண்டார். அதுவரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்த கல்லாக்காவின் முதலாளி, முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

கூட்டம் கலைந்து படியிறங்கும்போது லிஃப்ட் அண்ணனை அவள் எட்டிப் பிடித்தாள். "கோவமா அண்ணே? எங்கண்ணனைக் கொன்னதும் அந்த மலிவுதான். அதான் பேசிட்டேன்."

"உன் மேல எதுக்கும்மா கோவம்? நீ உங்கண்ணனுக்காகப் பேசின. நான் எனக்காகப் பேசினேன். எனக்குப் பேச வேற ஆள் இல்ல பாரு."

சட்டம் வந்தது. அடித்தட்டு முழுக்க அவளே பழைய ஸ்டிக்கரைச் சுரண்டிப் புதியதை ஒட்டினாள். தடியனின் விலை இரண்டு மடங்குக்கு மேல் ஏறியிருந்தது. மாப்பிள்ளை பழைய விலையிலேயே மெத்தையில் சாய்ந்திருந்தார்.

அவள் சொன்னதும் பொய்யாகவில்லை. சாயங்காலம் ஆளுக்கொரு பாட்டில் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குப் போகிற கல்லூரிக் கூட்டம் பாதியானது. வெள்ளிக்கிழமைச் சண்டைகள் குறைந்தன. பிஸ்கட் அம்மா என்று அவள் மனதுக்குள் பெயர் வைத்திருந்த ஒரு பெண் உண்டு. கடையின் தின்பண்டத் தட்டிலிருந்து கூடை நிறைய பிஸ்கட் எடுத்து, அதற்கடியில் ஒரு பாட்டிலை மறைத்து, பில் போடும்போது ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய கூடையில் பாட்டில் சின்னதானது, அப்புறம் வாரத்துக்கு ஒன்றானது, அப்புறம் காணாமல் போனது. ஒருநாள் வெறும் பிஸ்கட்டோடு வந்து, நேருக்கு நேர் பார்த்து, "இது மட்டும்தாங்க" என்றாள். பின்னால் நின்ற சின்னப் பெண் அம்மாவின் பையைப் பிடித்து ஆட்டிக்கொண்டே பாடிக்கொண்டிருந்தாள். அன்று வீட்டுக்குப் போனதும் கல்லாக்கா செருப்பைக்கூடக் கழற்றாமல் புருஷனிடம் இதைச் சொன்னாள். அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர், அதிர்ந்து பேசாத மனிதர். "அதுக்கு ஏன் அழுவுற?" என்று மட்டும் கேட்டார்.

லிஃப்ட் அண்ணனும் மாறிக்கொண்டுதான் இருந்தார். தடியன் கட்டுப்படியாகவில்லை. சின்ன பாட்டிலுக்கு வந்தார். சட்டை இஸ்திரி இல்லாமல் தெரிந்தது. கன்னம் ஒட்டிப் போயிற்று. பக்கத்துக் கடையில் ரொட்டி வாங்குவதை நிறுத்திவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. "இளைச்சிட்டீங்களே" என்றதற்கு, "லோடு குறைஞ்சா லிஃப்ட் லேசா போகும்" என்றார். அளவு குறைகிறது, நல்லதுதான் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

கடைசியாக அவர் வந்தது ஒரு மழைநாள் காலை. சவரம் செய்யவில்லை. சின்ன பாட்டிலுக்கும் கையில் இருந்தது போதவில்லை. மேஜை மேல் வைத்த கை, மேஜையோடு சேர்த்து நடுங்கியது.

"பாதி பாட்டில் ஊத்தித் தரமாட்டியாம்மா? மீதியை நீயே வெச்சிரு. நாளைக்கு வந்து வாங்கிக்கிறேன்."

"உடைச்சு விக்கக்கூடாது அண்ணே. மேல கேமரா பாக்குது."

"மிஷின் நின்னுடுச்சுன்னு சொல்ற மாதிரி, கேமராவும் நின்னுடுச்சுன்னு சொல்லேன்."

அவள் சிரித்தாள். அந்தக் கையைப் பார்க்காமல் இல்லை, பார்த்தாள். ஆசையில் நடுங்குகிறது, மழையில் நனைந்து வந்ததில் நடுங்குகிறது என்று நினைத்தாள். இத்தனை காலம் கைகளைப் படித்தவளுக்கு இது ஒரு தருணமாகவும் தோன்றியது. அண்ணனுக்குச் சொல்ல வாய்க்காததை இவருக்குச் சொல்லிவிடலாம். கொஞ்சம் குனிந்து, உரிமையோடு சொன்னாள்.

"விட்டுத்தான் பாருங்களேன் அண்ணே. பாதி தூரம் வந்தாச்சு. ஒருநாள் இது இல்லன்னா செத்தா போயிடுவீங்க?"

எல்லா வீட்டிலும் எல்லோரும் சொல்கிற வார்த்தைதான். அவர் சில்லறையை ஒவ்வொன்றாகச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"விட்டுடவா?"

"விட்டுடுங்க."

"நீ சொல்லிட்ட. விட்டுக் காட்டுறேன், பாரு."

குளிர்பெட்டியிலிருந்து ஒரு பழச்சாறு எடுத்துத் தன் காசில் பில் போட்டு அவர் கையில் திணித்தாள். அதை இடுப்பில் இடுக்காமல், எப்படிப் பிடிப்பதென்று தெரியாதவர் போலக் கழுத்தைப் பிடித்துத் தொங்கவிட்டபடி மழையில் இறங்கிப் போனார்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. கல்லாக்காவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. வருகிறவர்களிடமெல்லாம் சொன்னாள். "லிஃப்ட் அண்ணன் விட்டுட்டார், தெரியுமா? என் ஒரு வார்த்தைக்கு விட்டுட்டார்." முதலாளிகூட, "இப்படியே எல்லாரையும் திருத்திட்டன்னா நான் கடையை மூடிட்டு உன் கூட ஜூஸ் விக்க வேண்டியதுதான்" என்றார். அதையும் அவள் பாராட்டாகவே எடுத்துக்கொண்டாள்.

நாலாம் நாள் லிஃப்ட் அண்ணன் இருந்த கட்டடத்தின் காவலாளி சிகரெட் வாங்க வந்தவர், அவள் சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றுவிட்டார். "உனக்கு விஷயமே தெரியாதா? முந்தாநேத்து ஆம்புலன்ஸ்ல தூக்கிட்டுப் போனாங்கம்மா. பாத்ரூம்ல வலிப்பு வந்து விழுந்துட்டாரு. தலையில அடி. எவ்வளவு நேரம் கிடந்தாரோ, பாவம்."

அன்றைக்கு மிஷின் நிஜமாகவே நின்றது. அவள் கடையை முதலாளியிடம் விட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

கட்டிலின் இரண்டு பக்கமும் கம்பி ஏற்றி, கைகளைத் துணியால் கட்டியிருந்தார்கள். கண் திறந்திருந்தது. நர்ஸ் ஊசி மருந்தைச் சரிபார்த்துக்கொண்டே பேசினாள். குரலில் கோபம் இருந்தது; யார் மேல் என்று இல்லாத கோபம்.

"இத்தனை வருஷம் தினமும் குடிச்ச உடம்பும்மா. ஒரேயடியா நிறுத்தினா தாங்காது. இங்க கூட்டிட்டு வந்திருந்தா மருந்து குடுத்து, பார்த்துப் பார்த்து இறக்கியிருப்போம். வீட்ல தனியா, சாப்பாடும் இல்லாம, யாராவது இப்படி நிறுத்துவாங்களா? யாரு சொன்னாங்க இவருக்கு?"

கல்லாக்கா வாயைத் திறந்தாள். "தெரியலைங்க" என்று வந்தது.

அவர் தலையைத் திருப்பி அவளைப் பார்த்தார். அடையாளம் தெரிந்த பார்வை இல்லை. பழைய மரியாதை மட்டும் குரலில் இருந்தது. "எந்த மாடிம்மா?" என்று கேட்டார். மறுபடியும் கேட்டார். "சொன்னாத்தானே பட்டனை அமுக்க முடியும். எந்த மாடி?"

"கீழதான் அண்ணே" என்றாள். அவர் திருப்தியாகத் தலையாட்டி, கட்டிய கையின் விரலால் கம்பியை ஒரு அமுக்கு அமுக்கினார்.

உயிர் தங்கியது. காயமும் ஆறியது. ஆனால் ஆள் திரும்பி வரவில்லை. கேட்டதையே கேட்டுக்கொண்டு, சாப்பிட்டதை மறந்துகொண்டு, எங்கேயோ இரண்டு தளத்துக்கு நடுவில் நின்றுவிட்டார். மகள் வந்து ஆஸ்பத்திரியிலேயே தங்கி, கடைசியில் தன் ஊருக்கு அழைத்துப் போக ஏற்பாடு செய்தாள். புறப்படுகிற அன்று கல்லாக்கா வாசலில் ஓரமாக நின்றிருந்தாள். மகள் தேடி வந்து அவளுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே கடை அக்கா? விழறதுக்கு முதல் நாள் அப்பா போன் பண்ணினாரு. 'கடைக்காரப் பொண்ணு ஒரு வார்த்தை சொன்னா, விட்டுட்டேன்'னு ஒரே சந்தோஷம். நான் கெஞ்சிக் கேக்காததா? எனக்காக விடல, உங்களுக்காக விட்டாரு. ரொம்ப நன்றிக்கா. அவர் விதி, இப்படி வந்து விழணும்னு இருந்திருக்கு."

கல்லாக்கா முந்தின இரவு முழுக்கக் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்து வைத்திருந்த வார்த்தைகள் ஒன்றும் வரவில்லை. மகளின் கைக்குள் தன் கையை விட்டுவிட்டு, "பார்த்துக்குங்க" என்றாள். கார் தெருமுனை திரும்பும்வரை நின்றாள்.

வீட்டில் புருஷன் அவளுக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து எதிரே உட்கார்ந்தார். "நீ என்ன டாக்டரா? உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான். தெரியாதவ வாயை மூடிக்கிட்டு இருந்திருக்கலாம்ல?"

"நீ சொல்லலன்னாலும் அவரால வாங்கியிருக்க முடியாது. விலைதான் ஏறிடுச்சே."

"அந்த விலையையும் ஏத்தச் சொன்னது நான்தான்" என்றாள். தேநீர் ஆறிப்போன பிறகு அவர் தம்ளரை எடுத்துக் கழுவி வைத்தார்.

இப்போதும் வேலைக்குப் போகிறாள். பாட்டில்களின் முகத்தைத் திருப்பும்போது முன்பு போல அதட்டுவதில்லை. காலையில் சவரம் செய்யாமல் வந்து நிற்கிறவர்களிடம், அவர்கள் கேட்காமலே, ஆஸ்பத்திரியில் எந்தப் பக்கம் போக வேண்டும், எந்த ஜன்னலில் சீட்டு வாங்க வேண்டும் என்று சொல்கிறாள். பலர், "வாங்க வந்தவனுக்குப் புத்தி சொல்றியா?" என்று எரிந்து விழுகிறார்கள். அடிவிலை சரியா தப்பா என்று யாராவது வம்புக்கு இழுத்தால் நழுவிவிடுகிறாள். பிஸ்கட் அம்மா வந்து போகிற நாளில் அவளுக்குச் சரி என்று படும். லிஃப்ட் அண்ணன் இருந்த கட்டடத்தைத் தாண்டி வீட்டுக்கு நடக்கும்போது அப்படிப் படாது. இரண்டும் ஒரே நாளில் நடப்பதும் உண்டு.

போன மாதம் கடைக்கு ஓர் இளம்பெண் வந்தாள். சட்டம் எப்படி வேலை செய்கிறது என்று கடை கடையாகப் போய்க் கேட்கிற வேலை. கையில் பலகை மாதிரி ஒரு போன். கடையில் அப்போது யாரும் இல்லை.

"ஒரே கேள்விதான் அக்கா. குடியைக் குறைக்க அடிவிலை வெச்சது நியாயம்னு நினைக்கிறீங்களா? ஆமா, இல்ல, சொல்லத் தெரியல. மூணுல ஒண்ணு சொன்னா போதும்."

கல்லாக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். கல்லாவுக்கு அடியில் கிடந்த ஸ்டூலைக் காலாலேயே இழுத்து வெளியே விட்டு, மேலிருந்த தூசியைத் துணியால் தட்டினாள்.

"உக்காரும்மா. சொல்றேன்."

"ஐயோ, உக்கார நேரமில்லக்கா. இந்தத் தெருவை முடிச்சுட்டு அடுத்த தெருவுக்குப் போகணும். 'சொல்லத் தெரியல'ன்னு போட்டுக்கட்டுமா?"

"சொல்லத் தெரியும்."

"அப்போ ஆமாவா, இல்லையா?"

வெளியே ஒரு வண்டி நின்று கிளம்பியது. பெண்ணின் கட்டைவிரல் திரைக்கு மேல் காத்துக்கொண்டிருந்தது.

"ஆமான்னே போட்டுக்க" என்றாள் கல்லாக்கா.

விரல் பட்டது. நன்றி சொல்லிவிட்டு அந்தப் பெண் படியிறங்கினாள். அவள் அடுத்த கடைக்குள் நுழைகிறவரை பார்த்திருந்துவிட்டு, கல்லாக்கா ஸ்டூலைக் கால் விரலால் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்கே தள்ளினாள்.